உச்சரிக்கப்படாத எழுத்து

யேர்மனியின் சிறு நகரம் ஒன்றில், 1990களின் நடுப்பகுதியில், மருத்துவர் ஒருவரின் காத்திருப்பு அறையில் நாம் அமர்ந்திருந்தோம். எமக்கு எதிரே எம்மவர்களான தாயும் மகளும். மகளுக்குப் பதினொரு வயதிருக்கலாம். பாடசாலைப் பை முதுகிலேயே இருந்தது. வகுப்பிலிருந்து இடையில் அழைத்து வரப்பட்டிருக்கிறாள் என்பதும், எதற்காக என்பதும் கேளாமலே விளங்கின. பெயர் கூப்பிடப்பட்டதும் இருவரும் உள்ளே சென்றனர். கால் மணி நேரம் கழித்து வெளியே வந்தபோது, "டொக்டர் என்னவாம்?" என்று தாயாரிடம் வினவினோம். தாயார் மகளின் முகத்தைப் பார்த்தார்.

"ஒண்டுமில்லையாம். அடுத்த கிழமை ஒருக்கா வரட்டாம். சின்னச் சோதினை ஒண்டு செய்யவேணுமாம்" என்றாள் பிள்ளை.

கால் மணி நேரம் பேசிய மருத்துவரின் வார்த்தைகள் மூன்று வசனங்களாகச் சுருங்கியிருந்தன. அதனை நாம் அன்று பெரிதாக எண்ணவில்லை.

இக் காட்சி எமது வாசகர்களுக்குப் புதியதன்று. பாடசாலையின் பெற்றார் கூட்டம், வீட்டு வாடகை ஒப்பந்தம், வெளிநாட்டவர் அலுவலகத்திலிருந்து வரும் நீண்ட கடிதம் ஆகிய அனைத்தையும் வாசித்து விளங்கப்படுத்தும் பொறுப்பு, வந்து சேர்ந்த இரண்டாம் ஆண்டிலேயே வீட்டின் மூத்த பிள்ளையின் தோளில் ஏறிவிடுகிறது. தஞ்சக் கோரிக்கை விசாரணைக்கு அரசே மொழிபெயர்ப்பாளரை அமர்த்துகிறது. அதன் பின்னர் வரும் வாழ்க்கைக்கு எவரும் அமர்த்தப்படுவதில்லை. ஊரில் பத்து வயதுப் பிள்ளை சந்திக் கடைக்குத் தனியே போய்ச் சீனி வாங்கி வந்தாலே கெட்டிக்காரன் என்போம். இங்கோ அதே வயதுப் பிள்ளை, தந்தையின் வதிவிட அனுமதி ஏன் நீடிக்கப்படவில்லை என்று தந்தைக்கே எடுத்துச் சொல்கிறது.

இந்தப் பிள்ளையை இலக்கியம் எவ்வாறு கண்டது என்பதே இக் கட்டுரையில் நாம் நோக்க விரும்புவது. நாவலைவிடச் சிறுகதையே இதற்கு உகந்த வடிவம் என்பது எமது எண்ணம். பிள்ளை ஒன்று வளர்ந்தவராகிவிடும் கணம் சிறியது. ஓர் இரவுச் சாப்பாட்டு நேரத்துக்குள் முடிந்துவிடக்கூடியது. அதனைப் பிடிப்பதற்குச் சிறிய பாத்திரமே போதும்.

அண்மைக் காலத்தில் எம்மைப் பெரிதும் பாதித்த கதை, கனடாவில் வாழும் சூவாங்கம் தம்மவோங்சா என்ற பெண் எழுத்தாளர் ஆங்கிலத்தில் எழுதியது. இவர் 1978 ஆம் ஆண்டு, தாய்லாந்தின் நோங் காய் என்ற இடத்திலிருந்த லாவோஸ் அகதிகள் முகாமில் பிறந்தவர். ஒரு வயதுக் குழந்தையாகக் கனடாவுக்குக் கொண்டுவரப்பட்டு, ரொறன்ரோவில் வளர்ந்தார். கவிதை நூல்கள் நான்கினை வெளியிட்ட பின்னர், 2020 இல் இவரது முதலாவது சிறுகதைத் தொகுதி வெளிவந்து, அவ்வாண்டின் கில்லர் பரிசைப் பெற்றது. 'கத்தி என்ற சொல்லை உச்சரிப்பது எப்படி' என்று பொருள்படும் தலைப்பே தொகுதிக்கும் அதன் முதற் கதைக்கும் உரியது.

கதை மிக எளியது. பாடசாலையிலிருந்து சிறுமியின் சட்டையில் ஊசியால் குத்தி அனுப்பப்படும் கடிதம் ஒன்றை, வாசிக்கத் தெரியாத தாய் எறிந்துவிடுகிறாள். சில நாட்களின் பின்னர் வகுப்புப் படம் எடுக்கும் நாள் வருகிறது. மற்றப் பிள்ளைகள் அழகாக உடுத்து வந்திருக்க, இவள் மட்டும் வழமையான உடையில் நிற்கிறாள். வீட்டிலே வாசிக்கத் தெரிந்தவர் தந்தை ஒருவரே. லாவோஸ் மொழியில் பேசாதே, எங்கிருந்து வந்தோம் என்பதை எவருக்கும் சொல்லாதே என்று மகளுக்குப் புத்தி சொல்கின்ற அவர், அவ்வேளையில் அணிந்திருக்கும் பனியனின் நெஞ்சில் நாட்டின் பெயரே பெரிய எழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கிறது. இதனைக் கதாசிரியர் ஒரு வசனத்தில் சொல்லிவிட்டுச் செல்கிறார். சிரிப்பதா, கலங்குவதா என்று தெரியாமல் நாம் நின்றுவிடுகிறோம்.

ஒரு நாள் வாசிப்புப் பாடத்தில் சிறுமிக்கு ஒரு சொல் விளங்கவில்லை. தந்தையிடம் கேட்கிறாள். ஆங்கிலத்திலே கத்தியைக் குறிக்கும் 'நைஃப்' என்ற அச்சொல், 'கே' என்ற எழுத்திலே தொடங்குகிறது. ஆனால் அந்த எழுத்துக்கு ஒலி இல்லை. தந்தை அதனை அறியார். எழுத்தெழுத்தாகக் கூட்டி, முதலெழுத்தையும் ஒலித்து, தன்னம்பிக்கையோடு சொல்லிக் கொடுக்கிறார். மறுநாள் வகுப்பில் சிறுமி அவ்வாறே வாசிக்கிறாள். பிழை என்கிறார்கள். அவள் ஒப்புக்கொள்ளவில்லை. எழுத்து அங்கே முன்னால் நிற்கிறதே, அதற்கு ஓர் ஒலி இருக்கத்தானே வேண்டும் என்று வாதாடுகிறாள். அதிபரின் அலுவலகம் வரை விடயம் போகிறது.

அன்றிரவு சாப்பாட்டு வேளையில் மகள் தந்தையைப் பார்க்கிறாள். இவருக்குத் தெரியாத விடயங்கள் உள்ளன. இன்னும் எவையெல்லாம் இவருக்குத் தெரியாதோ, எவற்றையெல்லாம் தானே கண்டுபிடிக்க வேண்டிவருமோ என்று அவள் மனம் ஓடுகிறது. ஆனால் வாய் திறக்கவில்லை. தனக்குப் பரிசு ஒன்று கிடைத்தது என்பதை மட்டும் சொல்கிறாள். தந்தை மகிழ்கிறார். இருவருமாக அந்தப் பரிசான படப் புதிரைப் பொருத்துகிறார்கள். கதை முடிகிறது.

இதிலே அடி உதை இல்லை. எல்லைக் காவலரோ நிராகரிப்புக் கடிதமோ இல்லை. ஆயினும் அகதி வாழ்க்கையின் மிகப் பெரிய இழப்புகளில் ஒன்று இக் கதையின் சில பக்கங்களுக்குள் நிகழ்ந்துவிடுகிறது. தந்தை எல்லாம் அறிந்தவர் என்ற எண்ணம் எந்தப் பிள்ளைக்கும் ஒரு நாள் கலையத்தான் செய்யும். ஊரிலே அது பதினாறு, பதினேழு வயதில், மெல்ல மெல்ல, சண்டை சச்சரவோடு கலையும். புலம்பெயர்ந்த வீட்டிலோ ஏழு வயதில், ஒரே நாளில் கலைகிறது. சண்டை பிடிப்பதற்கும் மனம் வராது. தந்தையின் மேல் பிழை இல்லை என்பது பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது.

இவ்விடத்தில் ஒரு சிறு விலகலுக்கு வாசகர்கள் இடம் தரவேண்டும். அந்தத் தந்தை உண்மையில் பிழையாக வாசித்தாரா என்று நாம் தேடிப் பார்த்தோம். நோர்வேயில் வாழும் எமது வாசகர்கள் உடனே சொல்லிவிடுவார்கள்: அங்கே கத்திக்குப் பெயர் 'க்னீவ்'. அதே சொல்தான், முதலெழுத்து முழுதாக ஒலிக்கும். டென்மார்க்கிலும் சுவீடனிலும் அப்படியே. பிரெஞ்சு மொழியில் மடக்குக் கத்தியைக் குறிக்கும் 'கனிஃப்' என்ற சொல்லும் இதே வேரிலிருந்து போனதுதான். அதிலும் அந்த ஒலி உயிரோடு இருக்கிறது. யேர்மன் மொழியில் முழங்காலைக் குறிக்கும் 'க்னீ' என்ற சொல்லில் 'கே' எழுத்தை எவரும் விழுங்குவதில்லை. ஆங்கிலேயரும் ஒரு காலத்தில் அதனை ஒலித்தே வந்தனர். ஏறத்தாழப் பதினேழாம் நூற்றாண்டளவில்தான் அவ்வொலி அவர்கள் வாயிலிருந்து உதிர்ந்துபோயிற்று. ஆக, ரொறன்ரோவில் பிழையென்று ஆகிப்போன அந்த லாவோஸ் தகப்பனின் உச்சரிப்பு, ஒஸ்லோவில் சரியானது. எந்த நாட்டில் இறக்கிவிடப்பட்டோம் என்பதைப் பொறுத்தே நாம் அறிவாளியாகவோ அறிவிலியாகவோ ஆகிறோம். எழுதியவாறே வாசிக்கும் பழக்கத்தில் வளர்ந்த எம்மவர் எத்தனை பேர், இதே எழுத்தில் இதே விதமாக இடறியிருப்பார்கள்!

பிள்ளையின் மௌனத்தைக் கருவாகக் கொண்ட அகதிக் கதை இன்று தோன்றியதன்று. பாலஸ்தீன எழுத்தாளர் கஸ்ஸான் கனஃபானி 1936 இல் ஆக்கா நகரில் பிறந்தவர். 1948 இல், பன்னிரண்டு வயதில், குடும்பத்தோடு வெளியேற நேர்ந்தது. பின்னர் டமாஸ்கசில் அகதிப் பிள்ளைகளுக்கு ஆசிரியராக இருந்தார். 1972 யூலை 8 ஆம் திகதி பெய்ரூட்டில் அவரது வாகனத்தில் வைக்கப்பட்ட குண்டு வெடித்து, உடனிருந்த மருமகளான இளம்பெண்ணோடு உயிரிழந்தார். 'துயர் தோய்ந்த தோடம்பழங்களின் நாடு' என நாம் தமிழிற் சொல்லக்கூடிய அவரது சிறுகதை, பாரவூர்தி ஒன்றில் தட்டுமுட்டுச் சாமான்களோடு லெபனானுக்குள் நுழையும் குடும்பங்களைப் பற்றியது. சொல்பவன் சிறுவன். வழியில் பெண்கள் தெருவோர விவசாயியிடம் தோடம்பழம் வாங்குகிறார்கள். பழத்தைக் கையில் எடுத்துப் பார்க்கும் பெரியவர், குழந்தையைப் போல் அழுகிறார்.

எமக்கு அந்தக் கதையில் மறக்க முடியாதது தோடம்பழமன்று. அகதியாய் வந்து சேர்ந்த இடத்தில், காலையிலே எழும் பிள்ளைகளை மலைப்பக்கம் போய் விளையாடும்படி வீட்டுப் பெரியவர் அனுப்பிவிடுகிறார். ஏன்? வீட்டில் இருந்தால் காலைச் சாப்பாடு கேட்பார்கள். காரணம் பிள்ளைகளுக்கும் தெரிகிறது. தெரிந்தும் போகிறார்கள். 1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி இரவு வலிகாமத்தைவிட்டு, மழையிலே, நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சி நோக்கி நடந்தவர்களுக்கு இந்த இடத்தை நாம் விளங்கப்படுத்த வேண்டியதில்லை. பசிக்கவில்லை என்று அன்று பொய் சொன்ன பிள்ளைகள் இன்று நடுத்தர வயதினராக உலகெங்கும் இருக்கிறார்கள்.

இவ்விரு கதைகளிலும் பிள்ளைகளே இடம்பெயர்ந்தவர்கள். வேறொரு கோணமும் உண்டு: போர் எங்கோ நடக்கிறது, வீடு பாதுகாப்பாக இருக்கிறது, ஆனால் போர் மாலை நேரத்தில் விருந்தாளியாக வந்து மேசையில் அமர்கிறது. ஜும்பா லாகிரி 1999 இல் வெளியிட்டு, அடுத்த ஆண்டு புலிட்சர் பரிசு பெற்ற தொகுதியில் 'திரு. பிர்சாடா இரவுச் சாப்பாட்டுக்கு வந்தபோது' என்ற பொருளில் தலைப்பிட்ட கதை ஒன்று உள்ளது. காலம் 1971. இடம் அமெரிக்காவில் பொஸ்ரனுக்கு வடக்கே ஒரு பல்கலைக்கழக ஊர். டாக்காவிலிருந்து ஆய்வுக்காக வந்த தாவரவியல் பேராசிரியர், மனைவியையும் ஏழு பெண்பிள்ளைகளையும் அங்கே விட்டு வந்திருக்கிறார். போர் மூண்டுவிட்டது, செய்தி இல்லை. ஒவ்வொரு மாலையும் வங்காளக் குடும்பம் ஒன்றின் வீட்டுக்கு வந்து, அவர்களோடு தொலைக்காட்சிச் செய்தி பார்த்து, உண்டு செல்கிறார். அவ்வீட்டின் பத்து வயது மகள் லிலியாவே கதையைச் சொல்கிறாள்.

உண்ணத் தொடங்குமுன் அம் மனிதர் சட்டைப்பையிலிருந்து கடிகாரம் ஒன்றை எடுத்து மேசையில் வைக்கிறார். அது பதினொரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது; டாக்காவின் நேரம். எமது வீடுகளில் அது நான்கரை மணி நேரம். கனடாவில் இருப்போருக்குப் பத்தரை. சுவரிலே இரண்டு கடிகாரங்கள் மாட்டியிருந்த அறைகளை நாம் அறிவோம். அவற்றைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் அவை பற்றி என்ன எண்ணினார்கள் என்று எவரும் கேட்டதில்லை. லிலியா எண்ணுகிறாள். அந்தப் பெண்பிள்ளைகள் இப்போது என்ன செய்துகொண்டிருப்பார்கள் என்று எண்ணுகிறாள். பேராசிரியர் தரும் இனிப்புகளைச் சந்தனப் பெட்டியில் சேமித்து, இரவிலே ஒன்றை வாயிலிட்டு, அவர் குடும்பத்துக்காகப் பிரார்த்திக்கிறாள். பாடசாலை நூலகத்தில் அந்த நாட்டைப் பற்றிய புத்தகத்தை எடுத்தபோது, இது உனது பாடமன்று என்று ஆசிரியை மூடி வைக்கிறார்.

கதை நல்லது, ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். லாகிரியின் கதையுலகம் துப்புரவானது. வீட்டில் வெப்பம் இருக்கிறது, தந்தைக்கு உத்தியோகம் இருக்கிறது. பேராசிரியரின் குடும்பமும் இறுதியில் உயிரோடு கிடைத்துவிடுகிறது. எமது வாசகர்களில் பலருக்கு அவ்வாறான கடிதம் வரவில்லை.

வியட்நாமியரான வியட் தான் நுயென் எழுதியது அத்தனை துப்புரவானதன்று. 1971 இல் பிறந்து, 1975 இல் நான்கு வயதில் பெற்றாரோடு அமெரிக்கா சேர்ந்தவர். 2017 இல் வெளியான அவரது தொகுதிக்கு 'அகதிகள்' என்றே பெயர். அதிலே 'போர் ஆண்டுகள்' என்ற கதையைச் சொல்பவன், கலிபோர்னியாவில் மளிகைக் கடை நடத்தும் பெற்றாரின் பதின்மூன்று வயது மகன். ஆண்டு 1983. கொம்யூனிஸ்டுகளோடு தொடர்ந்து போரிட நிதி வேண்டும் என்று கேட்டுக் கடைக்கு ஒரு பெண் வருகிறாள். பையனின் தாய் காசிலே மிகக் கணக்கானவள், தர மறுக்கிறாள். வந்தவள் விடுவதாயில்லை. ஒருநாள் தாய் அவளைப் பின்தொடர்ந்து அவள் வீட்டுக்கே சென்று கேட்டுவிடுகிறாள். அங்கே அந்தப் பெண் போராளிகளுக்கான சீருடைகளைத் தைத்துக்கொண்டிருக்கிறாள். போரிலே தன் வீட்டு ஆண்களைப் பறிகொடுத்தவள். கணக்குப் பார்க்கும் தாய் இருநூறு டொலரை எடுத்துக் கொடுக்கிறாள். திரும்பும் வழியில், வழக்கத்துக்கு மாறாக, மகனுக்கும் ஐந்து டொலரைக் கொடுத்து, விரும்பியதை வாங்கு என்கிறாள். கடைக்குள் போனவனுக்கு எதை வாங்குவதென்று தெரியவில்லை.

நிதி கேட்டு வருவது பற்றிய விவாதம் இங்கு எமது நோக்கமன்று. நாம் கவனித்தது, அந்தப் பையன் தாயாரைப் பற்றி அன்று அறிந்துகொண்டதை ஒருபோதும் அவளிடம் சொல்வதில்லை என்பதையே.

இனி எமது கதைகளுக்கு வருவோம். 1983 இன் பின்னர் ஐரோப்பாவிலும் கனடாவிலும் வந்திறங்கிய எமது இளைஞர்கள், தட்டச்சிலும் கையெழுத்திலும் நிழற்பிரதி எடுத்துச் சஞ்சிகைகள் நடத்தினார்கள். யேர்மனியில் 'தூண்டில்', நோர்வேயில் 'சுவடுகள்', பாரிசில் 'ஓசை', கனடாவில் 'காலம்' என்று அந்தப் பட்டியல் நீளும். 1994 இல் இந்திரா பார்த்தசாரதியும் எஸ்.பொ.வும் தொகுத்து வெளிவந்த 'பனியும் பனையும்' இந்த எழுத்துகளை ஒருமித்துப் பார்க்கும் வாய்ப்பைத் தந்தது. முகவரிடம் ஏமாந்த கதை, முகாம் கதை, உணவகத்தின் பின்னறையில் கோப்பை கழுவிய கதை, பனியில் சறுக்கி விழுந்த கதை, ஊரிலிருந்து வரும் கடிதத்தின் கதை என இவற்றின் பெறுமதியைக் குறைத்து மதிப்பிட எமக்கு உரிமையில்லை. தொழிற்சாலை முடிந்து வந்து, இரவிலே கண் விழித்து எழுதப்பட்டவை அவை. ஆயினும் அவற்றின் குரல் பெரும்பாலும் இருபது, இருபத்தைந்து வயதில் தனியே வந்த ஆணின் குரல். பிள்ளைகள் அக்கதைகளுக்குள் பின்னரே வந்தார்கள். வந்தபோதும் முறைப்பாடாகவே வந்தார்கள்: தமிழ் பேசமாட்டார்கள், சோறு உண்ணமாட்டார்கள், பெரியோரை மதியார்கள். அப்பாவின் கண்ணால் பார்க்கப்பட்ட பிள்ளைகள் அவர்கள். பிள்ளையின் கண்ணால் பார்க்கப்பட்ட அப்பா எங்கே?

ஊரைச் சிறுவனின் கண்ணால் பார்த்த கதைகள் எம்மிடம் தாராளமாக உண்டு. கொக்குவிலில் 1937 இல் பிறந்த அ. முத்துலிங்கம் 1964 இல் 'அக்கா' தொகுதியை வெளியிட்டார். தொழில் நிமித்தம் பல நாடுகளில் வாழ்ந்த பின்னர், 1995 இல் 'திகடசக்கரம்' தொகுதியோடு மீண்டும் வந்தார். அவரளவுக்குப் பிள்ளைப் பருவத்தின் குறும்பை எழுதியவர்கள் சிலரே. கொழும்பில் வளர்ந்து 1983 இன் பின்னர் கனடா சென்ற ஷியாம் செல்வதுரை 1994 இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட 'ஃபனி போய்', ஆறு கதைகளால் ஆன நூல். சிறுவன் ஆர்ஜியின் வழியே, பெண்பிள்ளைகளோடு மணப்பெண் விளையாட்டு விளையாடும் ஞாயிற்றுக்கிழமையில் தொடங்கி, 1983 யூலைக் கலவரத்தின் நாட்குறிப்பில் முடிகிறது. நாட்டை விட்டுப் போக விரும்பும் தாய், போக மறுக்கும் தந்தை, எரிந்த வீட்டை இறுதியாகப் பார்க்கப் போகும் மகன். தந்தையின் உறுதி தளர்வதை மகன் பார்த்திருக்கும் இடங்கள் அந்நூலில் மிக நேர்த்தியானவை. ஆனால் அதுவும் புறப்படும் வாசலோடு நின்றுவிடுகிறது. இங்கே வந்து மொழிபெயர்த்த பிள்ளையை 2015 இல் கான் விழாவில் தங்கப்பனை விருது பெற்ற 'தீபன்' என்ற பிரெஞ்சுத் திரைப்படத்தில் ஓரளவு கண்டோம்: எழுத்தாளர் ஷோபாசக்தி நடித்த அப்படத்தில், பெற்றாரில்லாத ஒன்பது வயதுச் சிறுமி, கடவுச்சீட்டுக்காக உருவான பொய்க் குடும்பத்தின் பொய் மகளாகி, முதலில் பிரெஞ்சு கற்றுக்கொள்கிறாள். நாமோ படம் முழுவதும் அவளைத் தேடிக்கொண்டே இருந்தோம்.

காரணம் எளிது. இங்கே வளர்ந்த பிள்ளைகள் எழுதுகிறார்கள், தமிழில் எழுதவில்லை. யாழ்ப்பாணத்தில் 1984 இல் பிறந்து யேர்மனியில் வளர்ந்த செந்தூரன் வரதராஜா, 2016 இல் தனது முதல் நாவலை யேர்மன் மொழியில் வெளியிட்டார். கனடாவில் ஷரன் பாலா 2018 இல் வெளியிட்ட ஆங்கில நாவல், கப்பலில் வந்து தடுப்புக்காவலில் வைக்கப்படும் தந்தையையும், அவரிடமிருந்து பிரிக்கப்படும் ஆறு வயது மகனையும் பற்றியது. பெற்றாரில் எத்தனை பேர் இவற்றை வாசிக்கக்கூடும்? பெற்றாரைப் பற்றிய கதை, பெற்றாருக்குத் தெரியாத மொழியில் எழுதப்படுகிறது. அதனை அவர்கள் அறிய வேண்டுமானால் எழுதிய பிள்ளையே பக்கத்தில் அமர்ந்து வாசித்துச் சொல்ல வேண்டும். அதாவது மறுபடியும் மொழிபெயர்ப்பாளராக வேண்டும். எதைச் சொல்வது, எதை விடுவது என்று மறுபடியும் தீர்மானிக்க வேண்டும்.

எமது பிள்ளைகள் பேசாமல் இருக்கும்போது, மொழியை மறந்துவிட்டார்கள் என்றே நாம் எண்ணிக்கொள்கிறோம். அந்த மௌனத்தில் ஒரு பகுதி மறதியாக இருக்கலாம். மற்றப் பகுதி, தெரிந்துகொண்டே சொல்லாமல் விட்டது.

இனி, தொடக்கத்தில் சொன்ன மருத்துவர் வீட்டுச் சிறுமி. ஆறு ஆண்டுகளின் பின்னர் ஒருநாள் அவளது தாயார் எம்மைத் தேடி வந்தார். கையிலே பாடசாலை ஆண்டு மலர். மகள் எழுதிய கதை ஒன்று அதிலே அச்சாகியிருந்தது. ஆசிரியை மிகவும் புகழ்ந்தாராம். "என்ன எழுதியிருக்கிறாள் எண்டு ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ. கேட்டால் சும்மா கதை எண்டு சொல்லுறாள்" என்றார்.

மூன்று பக்கக் கதை. யேர்மன் மொழியை வாசித்து, வாயால் தமிழாக்கிக்கொண்டே போனோம். இரண்டாம் பக்கத்தில் மருத்துவர் வந்தார். மார்பிலே கட்டி ஒன்று இருக்கிறது. அதில் சிறு துண்டை எடுத்துச் சோதிக்க வேண்டும். பயமில்லாததாகவும் இருக்கலாம், புற்றுநோயாகவும் இருக்கலாம். அம்மாவுக்கு இதனைத் தெளிவாகச் சொல்லு என்று மருத்துவர் கூறுகிறார். கதையில் வரும் சிறுமி அந்த நோய்க்குத் தமிழ்ச் சொல்லைத் தேடுகிறாள். அவளுக்குத் தெரியவில்லை. தெரியாமற் போனது பெரிய நிம்மதியாக இருந்தது என்று எழுதியிருந்தாள். சோதனையின் முடிவு வரும் வரை, இரவுகளில் தாயின் மூச்சை எண்ணிக்கொண்டிருந்ததாகவும் எழுதியிருந்தாள். முடிவிலே பயமில்லை என்று வந்தது. அதனையும் அவள் தாயாரிடம் ஒரே வசனத்திலேதான் சொன்னாளாம்.

நோயின் பெயர் வந்த இடத்தில் நாமும் ஒரு கணம் தயங்கினோம். விட்டுவிட்டு அடுத்த வசனத்துக்குப் போயிருக்கலாம். போகவில்லை, வாசித்தோம். தாயார் அந்தப் பந்தியை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். பின்னர் புத்தகத்தை வாங்கி, மகளின் பெயர் அச்சாகியிருந்த இடத்தை விரலால் தடவினார்.

"அந்தக் கிழமை முழுக்க என்னோடதான் வந்து படுத்தவள். குளிராக்கும் எண்டு நினைச்சன்" என்றார்.

புறப்படும்போது வாசலில் நின்று, "நீங்கள் வாசிச்சுச் சொன்னதெண்டு அவளுக்குச் சொல்லிப்போடாதேங்கோ" என்று கேட்டுக்கொண்டார். நாமும் சொல்லவில்லை.

இக் கட்டுரையை எழுதத் தொடங்குமுன் தொலைபேசியில் அழைத்து, பெயர் குறிப்பிடாமல் இதனை எழுதலாமா என்று அவரிடம் கேட்டோம். சிறிது நேரம் பதில் இல்லை.

"எழுதுங்கோ" என்றார். "அவள் தமிழ் நல்லாக் கதைப்பாள். வாசிக்கமாட்டாள்."